மந்திரத்தின் பெருங்கருணை

மந்திரமே, பிறர் பாரத்தையெல்லாம் தானே சுமக்கும் கருணை உன்னைப்போல் யாருக்கு வரும்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால், நான்கு பேருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எல்லா வேலையையும் நீயே பார்த்துவிடுகிறாய்.

உன் முன்யோசனையைச் சொல்லவா? கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்த முதல் விதிநூலிலேயே, பூட்டிய கதவைத் திறக்கும் 'நாக்' மந்திரம் இருக்கிறது. பூட்டுத் திறப்பதைத் தொழிலாகக் கொண்ட திருடன் என்னும் பாத்திரம் 1975இல், 'கிரேஹாக்' இணைப்பு நூலில்தான் பிறந்தது. பிறப்பதற்கு முன்பே அவன் பிழைப்பை நீ பார்த்து முடித்திருந்தாய். அவன் கம்பியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும், தவறினால் அவமானம். உனக்குப் பகடையும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

மலையேற்றத்தில் நீ செய்த உபகாரம் அதைவிடப் பெரிது. நூறடிச் செங்குத்துப் பாறை. பையில் இருப்பதோ ஐம்பதடிக் கயிறு. ஆட்டம் நடத்துபவர் முந்தின இரவு கட்டத்தாளில் அந்தப் பாறையை வரைந்திருக்கிறார்: பாதி உயரத்தில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய திட்டு, அதற்கு மேலே கழுகுக் கூடு. முதலில் யார் ஏறுவது, கவசத்தைக் கழற்றுவதா, ஆணியை எங்கே அறைவது என்று வாள்வீரனாக ஆடுபவர் பென்சிலால் கோடு போட்டுக் கணக்குப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நீ வருகிறாய். ஐந்தாம் நிலை எட்டிய 'விசார்டு' என்னும் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கைவந்துவிடும். ஒரு சுற்றுக்கு 60 அடி. இரண்டாம் சுற்றில் உச்சி. திட்டில் யாரும் நிற்கவில்லை, கழுகு யாரையும் கொத்தவில்லை, வாள்வீரன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை பேரின் சிந்தனைச் சிரமத்தை ஒரே மூச்சில் தீர்த்தவர் வேறு யார்?

பசியும் உன்னிடம் தோற்றது. 2014 விதிநூலின்படி 'குட்பெரி' முதல் நிலை மந்திரம். ஓதினால் பத்துப் பழம். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. பாலைவனமென்றும் பஞ்சமென்றும் கதை எழுதியவர் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொள்ளலாம். இரவுக் காவலையும் நீ ஒழித்தாய். 'டைனி ஹட்' மந்திரத்தைச் சடங்காக ஓதினால் பதினொரு நிமிடம்தான். சக்தியில் துளியும் செலவாகாது. எட்டு மணி நேரம் குவிமாடத்துக்குள் நிம்மதியான உறக்கம். ஓநாய்க் காட்டில் விழித்திருந்து, நெருப்பருகே ஒருவருக்கொருவர் பழைய கதை சொல்லிக்கொள்ளும் தொல்லை இனி எவருக்கும் இல்லை.

உன் இளமைக் காலம் இவ்வளவு செழிப்பாக இல்லை. ஜாக் வான்ஸ் கதைகளிலிருந்து வந்த வழக்கப்படி, ஓதிய மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதை இந்த அறையில் செலவழிப்பதா, அடுத்த அறைக்கு மிச்சம் வைப்பதா என்று எல்லோரும் சேர்ந்து தவிப்பார்கள். அந்த வறுமையிலிருந்து நீ மீண்டு வந்தாய்.

ஆனாலும் உன் புகழில் ஒரு களங்கத்தை விட்டுவைத்தார்கள். 2014 விதிகளில் 'நாக்' ஓதினால் 300 அடி தூரம்வரை கேட்கும்படி தட்டும் சத்தம் எழும். மற்ற இடங்களில் எல்லாத் தடையையும் தடயமின்றித் துடைத்த உனக்கு, இங்கே மட்டும் விலை வைத்துவிட்டார்கள். கதவு திறக்கும், காவலாளிகளும் விழித்துக்கொள்வார்கள். ஓசைப்படாமல் திறக்க வேண்டுமென்றால் திருடனைத்தான் கூப்பிட வேண்டும். அவசரமென்று உன்னையே கூப்பிட்டாலோ, வாள்வீரன் வாசலை மறிக்க வேண்டும், திருடன் தீப்பந்தத்தை அணைக்க வேண்டும், ஆட்டம் நடத்துபவர் தாழ்வாரத்தில் வரும் காலடிகளை எண்ண வேண்டும். நீ இத்தனை காலம் பாடுபட்டுக் கொடுத்த ஓய்வு போய், ஐந்து பேரும் பகடையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.