புழுவுக்குக் கம்பளி போர்த்தின பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. மார்கழிப் பனியில, நீ குருவித் தீனிக்கு வளக்குற மீல்வார்ம் புழுவுக்குக் காய்ச்சல் வந்துடும்னு 60 வாட்ஸ் குண்டு பல்ப மாட்டி, ஆயாவோட கம்பளியையும் மேல போர்த்தி வெச்சிருக்கியாமே? தெருவே பேசுது. கூட்டோட புழுவ வேகவெச்சு எடுத்த நூல்ல வயிறு வளக்குற ஊருடா இது. இங்க புழுவுக்குக் கம்பளி போர்த்தின மொத ஆளு நீதான். நெசவாளர் சொசைட்டில சொல்லி உனக்கொரு பொன்னாடை போர்த்தச் சொல்லட்டுமா?

ஆரணிக் குளிரு இன்னா காஷ்மீர்க் குளிரா? விடியக்காலைல 18 டிகிரி பக்கம் எறங்கும். அதுக்கெல்லாம் மீல்வார்ம் சாவாது. உன்ன மாதிரி கொஞ்சம் சோம்பிக் கெடக்கும், அவ்ளோதான். தீனி கொறையும், வண்டாவறது தள்ளிப்போகும். சீக்கிரம் வண்டாயிடக் கூடாதுன்னு அத ஃபிரிட்ஜுலயே வெச்சுக் காப்பாத்துறவன்லாம் இருக்கான். மளமளன்னு பெருகணும்னா 25லேருந்து 28 டிகிரி போதும். ஆனா அந்தப் பெரிய சூப்பர்வார்ம ஃபிரிட்ஜுல வெச்சுடாத, செத்துப்போயிடும்.

தீனிப் பூச்சிங்கள்ல நெசமா சூடு கேக்குறது சுவர்க்கோழிதான். 30 டிகிரி குடுத்தா பத்து நாள் சுமாருல முட்டை பொரியும். அதுக்கு வேணா பல்பு போடு. டால்பியர்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு, சுவர்க்கோழி கத்துற வேகத்த எண்ணியே குளிரு எவ்ளோன்னு சொல்லிடலாம்னு 1897லயே கணக்கு எழுதி வெச்சிருக்காரு. நீ என்னடான்னா அதுக்கு ஃபோன்ல ஆப்பு தேடிக்கினு இருக்க.

உன் புழுவக் கொல்றது குளிரு இல்லடா, ஈரம். டப்பாவ எங்க வெச்சிருக்க? தறிக்குழிக்குள்ள! கதகதப்பா இருக்குமாம். அந்தக் குழியில இருக்குற ஈரம் பட்டு இழை அறுந்துபோகாம இருக்க நமக்கு வேணும், புழு கெடக்குற தவிட்டுக்கு எதுக்கு? நேத்து தொறந்து பாத்தேன். மூடியில வேர்த்துச் சொட்டுது. தவிடு கட்டி தட்டி, ஓரமெல்லாம் பச்சைப் பூசணம். அதுல உப்புத் தூள் கணக்கா செள்ளு ஊருது. பல்பு, கம்பளி, மூடி, மூணும் சேர்ந்து பண்ண வேலை. மூடிய எடுத்துட்டு வலை கட்டு. ரெண்டு விரக்கடை ஒசரத்துக்கு மட்டும் தவிட்டப் பரப்பு. குமிச்சு வெச்சா நெருக்கத்துல புழுவே சூடு கெளப்பும். கேரட் துண்டு போட்டா சாயங்காலம் எடுத்துடு. மழை நாள்ல தெருவுல பாவு நீட்டுவோமா? அந்த அறிவ இங்கயும் வெச்சுக்கோ.

கணக்கும் கேட்டுக்கோ. கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம்னு 2023ல ஏத்திக் குடுத்தாங்க. உன் பல்பு ராத்திரிக்குப் பன்னெண்டு மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துல 43 யூனிட்ட முழுங்குது. சர்க்காரு குடுத்தது நெசவாளிக்குடா, வண்டுக்கு இல்ல.

அப்புறம் அந்தக் கொசுவத்தி. ஒரு பக்கம் பூச்சிக்கு அடைகாக்குற, மறுபக்கம் அதே ரூம்ல பூச்சி மருந்துப் புகை போடுற. கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளக்குறவன் வீட்டுல கொசுவத்திய எடுத்துக்கினு போ, வாசப்படி தாண்டறதுக்குள்ள தொரத்துவான். அவன் இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி பாத்துப் பாத்து வெச்சிருப்பான். ஆனா புகைன்னா ஒத்துக்க மாட்டான்.

சரி, இவ்ளோ சீராட்டி யாருக்குப் போடுற? ஃபிஞ்சஸ் குஞ்சு பொரிச்சிருந்தா போடு, அதுங்களுக்கு அப்போ புரதம் வேணும். மீல்வார்முல சுண்ணாம்புச் சத்து கம்மி, அதனால முட்டை ஓட்டத் தூள் பண்ணியோ, கணவாய் ஓடோ கூடவே வை. லவ் பேர்ட்ஸ் கூண்டுல எதுக்குடா கொட்டுற? அதுங்க தினை திங்கிற ஜாதி. நீ போட்டத மிதிச்சுட்டுப் போயிடுது, ராத்திரி எலி வந்து ஒண்ணு விடாம தின்னுட்டுப் போவுது. நல்லா கொழுகொழுன்னு இருக்கு அந்த எலி. அதுக்கும் ஒரு பேரு வெச்சுடு.