நாசாவுக்கு வேறு வேலை இல்லை

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் அத்தனை விஞ்ஞானிகள் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சொல்வோம். காலையில் வந்ததும் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பார்த்து வியப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிர்ச்சி அடைவார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் தலைவணங்கிவிடுவார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பியதெல்லாம் ஏதோ ஓய்வு நேரத்தில் செய்ததாக இருக்கும்.

எனக்கு வதந்தி என்றால் உயிர். நம்புவதில்லை. சின்ன வயதில் பையன்கள் தீப்பெட்டி அட்டை சேர்ப்பார்களே, அந்த மாதிரி சேர்க்கிறேன். எனக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் முதல் இடம் பெரியப்பாவுக்கு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே உலக ரகசியம் இரண்டை அனுப்பிவிடுவார்.

என் சேகரிப்பில் தலையாயது திருநள்ளாறு. சனீஸ்வரர் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது எந்த நாட்டுச் செயற்கைக்கோளும் 3 விநாடி ஸ்தம்பித்துப் போய்விடுமாம். தாண்டியதும் தானாக வேலை செய்யுமாம். பழுது ஒன்றும் இருக்காதாம். நாசாக்காரர்கள் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்களாம்.

இதில் என்னை மயக்குவது அந்த 3தான். 'கொஞ்ச நேரம்' என்று எழுதியிருந்தால் எவன் மதிப்பான்? 3 விநாடி என்றால் யாரோ கையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தது போலத் தெரிகிறது. சரி, கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் போகும். 3 விநாடியில் 22 கிலோமீட்டருக்கு மேல். தெற்குப் பார்த்துப் போகிற ஒன்று திருநள்ளாற்றில் மூர்ச்சையானால், நாகூர் தர்காவைக் கடந்து, நாகப்பட்டினத்தையும் தாண்டி, வேளாங்கண்ணியை நெருங்கும்போதுதான் அதற்கு நினைவு திரும்பும். மத நல்லிணக்கத்துக்கு விண்வெளியிலிருந்து இப்படி ஒரு சான்று இருக்கிறது. இதை மட்டும் ஒருத்தரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. சனிப்பெயர்ச்சி அன்று டிவி சேனல்கள் திருநள்ளாற்றிலிருந்து நேரலை செய்கின்றன. அந்தப் படம் செயற்கைக்கோளுக்குப் போய்த்தான் நம் வீட்டுக்கு வருகிறது. பெரியப்பா அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டே, செயற்கைக்கோள் நின்றுபோகும் செய்தியையும் எனக்கு அனுப்பினார். போன் போட்டுக் கேட்டேன். கணக்கு வாத்தியார் அசரவில்லை. "தம்பி, டிவி சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அதான் தப்பிச்சுது. மேல வந்து பார்க்கச் சொல்லு!" தகவல் அத்தனையும் சரி. முடிவுதான் திருநள்ளாற்றில் போய் நின்றது.

சிதம்பரம் இதைவிட நுட்பமான வேலை. நடராஜரின் கட்டை விரலுக்குக் கீழேதான் உலகத்தின் காந்த மையம் என்பது செய்தி. நல்ல வதந்தியில் நிஜம் கொஞ்சம் கலந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் நிஜமாகவே ஒரு நடராஜர் நிற்கிறார், இந்தியா கொடுத்தது, 2004இல் திறந்து வைத்தார்கள். காந்த சமாச்சாரத்திலும் நிஜம் இருக்கிறது, ஆனால் அது சிதம்பரத்தில் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு இன்னும் தெற்கே, திருவனந்தபுரத்துப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் தேவாலயத்தையே விட்டுக்கொடுக்க, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. ராக்கெட் கொடுத்தது யார்? நாசா! காந்தத்துக்காக நாசா தென்னிந்தியப் பக்கம் உண்மையிலேயே வந்தது அப்போதுதான், அதையும் செய்தி எழுதியவர் கோட்டைவிட்டுவிட்டார்.

அதே செய்தியில் அடுத்த பத்தி: பஞ்சபூதத் தலங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவாம். சிரித்துக்கொண்டே வரைபடத்தைத் திறந்தேன். காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன! 260 கிலோமீட்டர் நீளத்துக்கு விலகல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சத்தியமாகப் புல்லரித்துப் போனது. இந்த இடத்தில் செய்தியை முடித்திருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் பேராசை, திருவண்ணாமலையையும் திருவானைக்காவையும் அதே கோட்டில் ஏற்றப் பார்க்கிறார்கள். திருவண்ணாமலையோ 60 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. மலையாயிற்றே.

2000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்றார்கள். அதாவது 390 அடி. கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடி போட்டும் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாமல் விவசாயி தவிக்கிறான். சாட்டிலைட்டை அந்த வேலைக்காவது விட்டிருக்கலாம்.

காசு விஷயத்தில் நாசாவை இழுத்துவிட்ட மகாபாவிகள் கலசக்காரர்கள். இடி விழுந்த பழைய கோயில் கலசம் இரிடியமாக மாறிவிடும், அது அரிசியை இழுக்கும், அதை நாசா கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறார்கள். அரிசிக்குள் இரும்புத் துகளை ஒளித்துவைத்தால் காந்தம் இழுக்காமல் என்ன செய்யும்? 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை' படத்தில் இந்த வித்தையை விலாவாரியாகக் காட்டினார்கள். மக்கள் பார்த்தார்கள், கைதட்டினார்கள், அப்புறமும் போய் ஏமாந்தார்கள். 2018இல் டெல்லி போலீஸ் பிடித்த ஓர் அப்பாவும் மகனும், கதிர்வீச்சைத் தாங்கும் உடை என்று பளபளவென்று ஒன்றை வேறு காட்டியிருக்கிறார்கள். ராக்கெட் விடுகிற நிறுவனம் அரிசி இழுக்கிற சொம்பை வாங்கி என்ன பண்ணும், பொங்கலா வைக்கும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாசா தயவே இல்லாமல் நம் ஊரில் ஓடிய சரக்குகளும் உண்டு, அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். டெல்லியில் காலையில் தொடங்கியது; சாயங்காலத்துக்குள் லண்டன் பிள்ளையாரும் குடித்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப் கிடையாது, எஸ்டிடி பூத்தில் காசு கட்டிப் பரப்பியிருக்கிறார்கள்! விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து, அது பரப்பு இழுவிசையால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். அதைப் பார்க்க வரிசை இல்லை.

பிறகு பச்சைப் புடவை. சகோதரிகளுக்கு உடன்பிறந்தவன் பச்சைப் புடவை எடுத்துக் கொடுக்காவிட்டால் அவனுக்கு ஆகாது. என்ன ஆகாது? அதைச் சொல்ல மாட்டார்கள். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுண்ணா, இருந்தாலும் உங்களுக்கு ஒண்ணு ஆகிடக் கூடாதே" என்று என் அத்தை அப்பாவிடம் கண் கலங்கச் சொன்னார். மற்ற அத்தைமாரும் கலங்கினார்கள். அப்பாவுக்குப் புடவையால் எதுவும் ஆகவில்லை, பில்லைப் பார்த்ததும்தான் லேசாக ஆனது. இதைக் கிளப்பிவிட்டது ஏதோ ஜவுளிக்கடை முதலாளி என்பது என் சொந்த சதிக் கோட்பாடு. ஆதாரம் கிடையாது. ஆனால் இத்தனை வருஷமாக ஓர் ஆதாரமும் சிக்கவில்லை என்பதே அந்த மனுஷர் எப்பேர்ப்பட்ட கில்லாடி என்பதற்கு ஆதாரம் இல்லையா?

எல்லா வதந்திக்கும் சிரிக்க முடியாது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வந்த வீடியோக்களை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த வகையை நான் சேர்ப்பதில்லை.

அந்த வருஷம் ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெரியப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஐந்து ஐந்தாகப் பிரித்து அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா.

அவருக்குப் பதில் மரியாதையாக, என்னிடம் இருந்ததிலேயே நல்ல நாசா கதை ஒன்றைப் போன வாரம் குழுவில் போட்டேன். 1979 ஜூலையில் ஸ்கைலேப் என்ற 77 டன் விண்வெளி நிலையம் எங்கே விழும் என்று தெரியாமல் உலகமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. உலகம் முடியப்போகிறது என்று எங்கள் பாட்டி ஊரில் முட்டையிடும் கோழியைக்கூட விடாமல் அடித்துக் குழம்பு வைத்தார்களாம். கடைசியில் அது ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப்பக்கம் சிதறி விழுந்தது. அந்த ஊர் நிர்வாகம், பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. நாசா கட்டவில்லை. 30 வருஷம் கழித்து 2009இல் ஓர் அமெரிக்க ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். ஒரு எழுத்து பொய் கிடையாது.

குழுவில் வழக்கமாக விழும் கும்பிடு ஒன்றுகூட விழவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பெரியப்பாவே தனியாகப் போன் போட்டார். குரலில் வருத்தம்.

"தம்பி, படிச்ச பிள்ளை நீ. வாட்ஸ்அப்ல வர்றதை எல்லாம் அப்படியே நம்பி அனுப்பலாமா? நாசாவாவது, 400 டாலர் பாக்கி வைக்கிறதாவது!"