நகக்கண்ணிலிருந்து நாக்குக்கு

எம்.பி.ஏ. முடித்த இன்ஜினியரை அடையாளம் காண விசிட்டிங் கார்டு வேண்டாம், நகத்தைப் பார்த்தால் போதும். நம் இன்ஜினியர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருந்தவரை அவர் நகக்கண்ணில் கிரீஸ் நிரந்தரக் குடியிருப்பு. சோறு பிசையும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்புக்கு ஓடி எம்.பி.ஏ. வாங்கியதும் கிரீஸ் விரலை விட்டுப் போய்விட்டது. எங்கே போனது என்கிறீர்களா? நாக்குக்கு.

முன்பு, "வடம் இத்துப் போச்சு அண்ணாச்சி, மாத்தணும்" என்பார். இப்போது அதே வடம் "அசெட் ரிலையபிலிட்டியில் ஒரு கேப்". ஃபோர்மேன் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "வடத்தை மாத்தணுமா வேண்டாமாலே?" என்று ஹெல்பரிடம் கேட்பார்.

சும்மா சொல்லக்கூடாது, படிப்பு வீண் போகவில்லை. வெறும் பி.இ.யாக அவர் எழுதிய "ஒரு பேரிங் தேவை" என்ற கடிதம் மேஜை மேஜையாகத் தூங்கியது. எம்.பி.ஏ. ஆனபின் ஒரே ஒரு ஸ்லைடு போட்டார்: பேரிங் விலை இவ்வளவு; அது இல்லாமல் நிலக்கரிக் கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் டெமரேஜ் இவ்வளவு. சாயங்காலமே கையெழுத்தாகிவிட்டது. பேரிங் அதேதான், முதலாளிக்குக் கேட்கிற மொழியில் அது முனகியது, அவ்வளவுதான்.

அந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது. உப்பளம் வைத்திருக்கும் பெரியப்பாவை உட்காரவைத்து ஸ்வாட் அனாலிசிஸ் எடுத்தார். "உங்க பலம் என்ன?" "வெயிலு." "பலவீனம்?" "மழை." "வாய்ப்பு?" "வெயிலுதாம்ல." "அச்சுறுத்தல்?" பெரியப்பா வடகிழக்கு மூலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐப்பசி பொறக்கட்டும், நேர்ல வந்து பாரு" என்றார்.

"கன்சல்டன்ட் ஆகப்போகிறேன்" என்பது அவருடைய அடுத்த திட்டம். இந்தக் கடற்கரைக்கு அது புதிதல்ல. முத்துக்குளிப்பவர்களைச் சுறா கடிக்காமலிருக்க மந்திரம் சொல்பவருக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். கடலுக்குள் குதிப்பவன் வேறு, சதவீதம் வாங்குபவர் வேறு. சுறா வராவிட்டால் மந்திரம் பலித்தது. வந்தால் என்ன விளக்கம் சொன்னார்களோ, நம் ஆளைக் கேட்டால் "எக்ஸ்டர்னல் ஃபேக்டர்ஸ்" என்பார்.

இன்னொன்று. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கியதும் அதே 1961. மூச்சை அடக்கிச் செய்கிற தொழில் முடிந்த வருடத்தில், மூச்சுவிடாமல் பேசுகிற தொழில் ஆரம்பம்!

இப்போதும் கிரேன் பக்கமாக நடந்தால் அவர் காது விடைக்கிறது. "கியர்பாக்ஸ்ல ஏதோ கரகரன்னு..." என்று ஆரம்பிப்பார், ஹெல்மெட்டின் வெள்ளை நிறம் நினைவுக்கு வரும், "ஒரு ரிப்போர்ட் போடுங்க" என்று நகர்ந்துவிடுவார். அவர் தலை மறைந்ததும் ஹெல்பர்கள் அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிற ஃபோர்மேன்தான், போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்குள் மெதுவாக நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, "சார், நம்ம பய எம்.பி.ஏ.வுக்கு டான்செட் எழுதணுமாம். எந்தக் காலேஜு நல்லாருக்கும்?" என்று கேட்டவர்.