எட்டிப் பார்க்கும் கழுத்து, ஓடத் தயாரான கால்

வாத்து வளர்க்கும் வீட்டில் புதிதாக ஒரு நீல வாளியை வாங்கி முற்றத்தில் வைத்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று நிற்கும். எல்லாக் கழுத்துகளும் நீளும். முன்னால் நிற்பது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வாளியை அளக்கும். அந்தக் கண்மேல் நம்பிக்கை இல்லாததுபோல் மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணாலும் சரிபார்க்கும். இரண்டடி முன்னே, மூன்றடி பின்னே. அடுப்படியில் யாராவது தும்மினால் போதும், மொத்தப் படையும் கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே வாளியைச் சூழ்ந்து ஆளுக்கொரு கொத்து கொத்திக்கொண்டிருக்கும். மாலையில் அதற்குள்ளேயே ஒன்று குடியேறியிருக்கும். மறுநாள் வாளியை எடுத்துவிட்டாலோ, அது இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து மறுபடியும் ஓட்டம்.

“தினமும் தவிடு பிசைந்து போடுகிறேன், தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் என்னைக் கண்டே ஓடுகிறதே!” வாத்து வளர்ப்பவர்கள் எல்லோரும் பாடும் பல்லவி இது. இதில் நன்றிகெட்டத்தனம் எதுவும் இல்லை. நாய், நரி, கீரி, பருந்து, பாம்பு என்று வாத்தைத் தின்னக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. கிறிஸ்துமஸுக்கு வரும் விருந்தாளியும் அதில் உண்டு. தவிடு போடும் கையும் அதில் சேர்த்திதானா என்பது வாத்துக்கு இன்னும் தெளிவாகவில்லை. சந்தேகப்படாத வாத்துகள் எப்போதோ சாப்பிடப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பவை சந்தேகப்பட்டவற்றின் வாரிசுகள்.

கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய முழு வட்டத்தையும் வாத்தால் பார்க்க முடியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது. எதையாவது நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணைக் கொடுத்தாக வேண்டும். வளர்ப்பவர் இதைக் கொஞ்சல் என்று நினைத்து மகிழ்கிறார். நடப்பது பரிசோதனை.

தூக்கத்திலும் இந்தக் காவல் தொடர்கிறது. அமெரிக்காவின் இண்டியானாவில் நீல்ஸ் ராட்டன்போர்க்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுக் கவனித்து, 1999இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நடுவில் படுத்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் படுத்தவையோ கூட்டத்துக்கு வெளிப்பக்கம் இருந்த கண்ணை அடிக்கடி திறந்தே வைத்திருந்தன. அப்போது மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருந்தது. “வாத்து மடையா” என்று பிறரைத் திட்டுகிறவர்கள், அலுவலகக் கூட்டத்தில் இந்த வித்தையை ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் திட்டினால் நியாயமாக இருக்கும்.

பயம் பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் அசையும் எதன் பின்னாலும் போகும். எக்கார்ட் ஹெஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் ஒரு பொம்மை வாத்தை வட்டப் பாதையில் ஓடவிட்டார். குஞ்சுகள் அதையே தாயென்று பின்தொடர்ந்தன. பொரித்த 13 முதல் 16 மணி நேரத்தில் இந்தப் பற்று மிகப் பலமாகப் பதிந்தது. அதற்கப்புறம் புதியவற்றைக் கண்டு பயம் தலைதூக்க, பற்று பதிவது குறைந்துகொண்டே போனது. சந்தையில் பத்து நாள் குஞ்சை வாங்கிவந்து “அம்மா வந்திருக்கிறேன்” என்று கூப்பிடுகிறவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அம்மா பதவி ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது.

நம் ஊரில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர் ஒரு நீளக் கம்பை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வாத்துகளை நடத்திப் போவது இந்தப் பயத்தின் தயவில்தான். கம்பு ஒரு பக்கம் நீண்டால் கூட்டம் மறுபக்கம் சாயும். தனித்துப் போக எதற்கும் துணிச்சல் வராது.

பயம், ஆவல் இரண்டையும் சேர்த்து வைத்துத் தொழிலே நடத்தியவர்கள் டச்சுக்காரர்கள். குளத்திலிருந்து வளைந்து குறுகிச் செல்லும் வாய்க்கால் வெட்டி, மேலே வலை போட்டு, கரையோரம் நாணல் தட்டிகளைச் சாய்வாக வரிசையாக நிறுத்துவார்கள். கோய்க்கர் என்ற சிறிய நாய், வெள்ளை வாலை ஆட்டியபடி ஒரு தட்டிக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு அடுத்த தட்டிக்குப் பின்னால் மறையும். நாயைக் கண்டு வாத்து பறந்துதானே போக வேண்டும்? போகாது. பத்திரமாகத் தண்ணீரில் இருக்கிறோம், எதிரியோ விலகிப் போகிறான் என்றதும் ஆவல் முந்திக்கொள்ளும். ‘எங்கே போனான்?’ என்று வாய்க்காலுக்குள் நீந்தி வரும். தன் வாடை தெரியாமலிருக்க, புகையும் கரிமண் கட்டியைக் கையில் பிடித்தபடி ஒளிந்திருக்கும் ஆள் அப்போது பின்பக்கம் எழுந்து நிற்பான். இப்போது பயத்தின் முறை. வாத்துகள் முன்னோக்கிப் பறந்து வலையின் முனையில் போய் விழும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் போன இந்தப் பொறியை, பிற்காலத்தில் அங்குள்ள ஸ்லிம்பிரிட்ஜில் பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கப் பயன்படுத்தினார். வாத்துகளுக்கு அது எவ்வளவோ நல்ல முடிவு.

வீட்டு வாத்தோடு பழக விரும்புகிறவருக்கும் பாடம் அந்தக் குளத்திலேயே இருக்கிறது: துரத்தினால் ஓடும், விலகினால் வரும். குனிந்து மேலிருந்து கையை நீட்டினால் அது பருந்தின் வழி. தரையில் சம்மணமிட்டு, பக்கவாட்டில் திரும்பி, வாத்தைக் கண்டுகொள்ளாததுபோல் செய்தித்தாள் படிக்கலாம். மடியில் நாலு மண்புழுவோ கொஞ்சம் பச்சைப் பட்டாணியோ இருந்தால் உத்தமம். கழுத்து முதலில் வரும், கால் பின்னால் வரும், கடைசியில் செய்தித்தாளின் ஓரம் காணாமல் போகும். புது வாளியை முதல் நாள் வேலியோரம் வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினால் கிணற்றடி ஓட்டம் பாதியாகக் குறையும்.

பயந்த வாத்து சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். ஆவல் பிடித்த வாத்து சத்தமில்லாமல் ஆபத்தைத் தேடிப் போகும். வாத்து உலகத்தை அறிவது அலகால். அதன் நுனியில் தொடு உணர்வு மிக அதிகம். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவை அதுதான் கண்டுபிடிக்கிறது. பளபளவென்று எது கிடந்தாலும் அலகு போகும், அடுத்து தொண்டைக்குள் போகும். துத்தநாகம் பூசிய ஆணியோ திருகாணியோ இரைப்பையில் தங்கிக் கரைந்தால் உடம்பில் நஞ்சேறி வாத்து செத்துப்போகும். ஆகவே தச்சரோ கம்பி வேலிக்காரரோ வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பியதும், வாத்துகளைத் திறந்துவிடும் முன் முற்றத்தில் ஒரு காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள்.