ஏலத்து அண்ணாச்சி

திருவனந்தபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அறுப்பின் பண்டிகை கொண்டாடுவதில் சிறியதொரு சங்கடம் இருக்கிறது: அறுப்பதற்கு அவர்களிடம் வயல் இல்லை. மைலாடியிலும் நெய்யூரிலும் பாட்டன்மார் களத்திலிருந்து நெல்லும் தோட்டத்திலிருந்து மரச்சீனியும் சுமந்துவந்து பீடத்தின் முன் குவித்த வழக்கத்தைக் கைவிட மனமில்லாத பேரன்மார், பண்டிகையன்று விடியற்காலையில் சாலை பஜாருக்கும் பாளையம் சந்தைக்கும் போய், முந்தின இரவு லாரியில் வந்திறங்கிய பூசணிக்காயையும் சேனைக்கிழங்கையும் பேரம் பேசி வாங்கி, அவற்றையே தங்கள் முதற்பலனாகக் கர்த்தருடைய சந்நிதியில் வைத்து ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவையெல்லாம் வெளிமுற்றத்துப் பந்தலில் ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்தில்தான் நம் அண்ணாச்சி அவதரிக்கிறார்.

மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் பாதி கழிந்தபின் வந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னமே காரை நிழலிலிருந்து எடுத்துவிடும் அவர், இந்த ஒரு ஞாயிறு மட்டும் கப்பியார் முதல் மணி அடிக்குமுன் சலவை வேட்டியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருப்பார். சாலை பஜாரில் அவருக்கு இரும்புக்கடை; மாவட்டத்தில் எழும்பும் வீடுகளில் பாதிக்கு அவருடைய கம்பிதான் என்பது அவருடைய சொந்த மதிப்பீடு. காரின் பின்கண்ணாடியில் 'கர்த்தரின் கொடை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வங்கிக்கு இன்னும் நாற்பது தவணை பாக்கியிருக்க, புகழ் முழுவதையும் கர்த்தருக்கே விட்டுக்கொடுத்த அந்தப் பெருந்தன்மையை வங்கி மானேஜர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

ஏலம் கூறுபவர் நேந்திரங்குலையைத் தூக்கிக் காட்டி, ஐந்நூறு என்று தொடங்குவார். அண்ணாச்சி அப்போது வாய் திறப்பதில்லை. கமிட்டி அங்கத்தினர்களும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த வாலிபர்களும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று மோதிக் களைத்து, 'ஒரு தரம், இரண்டு தரம்' என்ற குரல் எழுந்து, மூன்றாம் தரத்துக்கு முன்னால் ஒரு மௌனம் பந்தலெங்கும் பரவுமே, அந்த மௌனம் முழுவதையும் அவர் தமக்கென்று பதிவு செய்து வைத்திருக்கிறார். அதன் நடுமத்தியில், இருமுவதுபோல் ஒரு பாவனையுடன், "ஐயாயிரம்" என்பார். ஸ்திரீகள் பக்கத்தில் வளையல்கள் அசையும். எடுத்த குலையை உடனே, "இதையும் கோயிலுக்கே வைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். மறுபடி அவரே எடுப்பார். இப்படி ஒரே குலைக்கு மூன்று முறை விலை கொடுத்த மனிதர், மறுநாள் திங்கட்கிழமை அதே சாலை பஜாரில் கறிவேப்பிலைக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்ட கிழவியிடம் கால் மணி நேரம் தர்க்கம் செய்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அவர் கருதவில்லை. கிழவியிடம் வாங்கியது கறிவேப்பிலை; கோயிலில் வாங்கியது வாழைக்குலை அன்றோ!

தசமபாக விஷயத்திலும் அவர் மிகுந்த நியாயஸ்தர். பத்தில் ஒன்று என்றால் விற்றுமுதலிலா, லாபத்திலா, ஜி.எஸ்.டி. கட்டுவதற்கு முன்னா, பின்னா, வராக்கடனைக் கழிக்கலாமா, கூடாதா என்று போதகரிடம் ஒரு மாலை முழுவதும் விசாரித்தார். வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்துவிட்டு வந்த அந்த இளம் போதகர், வராக்கடனைப்பற்றி அங்கே ஒருவரும் கற்பிக்கவில்லையே என்று ஏங்கிப்போனதாகக் கேள்வி.

ஒருமுறை ரிங்கல்தௌபேயைப் பற்றிப் பிரசங்கம். 1806-இல் மைலாடிக்கு வந்து, திருவிதாங்கூரின் தென்கோடியில் லண்டன் மிஷனுக்கு அடியிட்டவர் அந்த ஜெர்மானியர். கிடைத்த சம்பளத்தை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, உடுத்த துணிக்கும் கவலைப்படாமல் திரிந்து, 1816-இல் உடல் நலிந்து புறப்பட்டுப்போனார். அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதே ஒருவருக்கும் தெரியாது. சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணாச்சியும் உருகித்தான் போனார். வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, "பாவம் சார், பத்து வருஷம் இருந்திருக்காரு. அன்னிக்கு விலைக்கு மைலாடியிலே ஒரு பத்து ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தா இன்னிக்கு எங்கேயோ போயிருக்கும்" என்றார்.

இன்னொரு லண்டன் மிஷன் பாதிரியாரான சாமுவேல் மெட்டீரிடம் அண்ணாச்சிக்கு இதைவிட மதிப்பு அதிகம். திருவிதாங்கூரைப்பற்றி 1871-இல் வெளியிட்ட நூலுக்கு, தர்மபூமி என்று பொருள்படப் பெயர் வைத்தவர் மெட்டீர். அவர் ஞாபகார்த்தமாக 1906-இல் எழுந்த ஆலயம் பாளையத்தை அடுத்த எல்.எம்.எஸ். என்கிற லண்டன் மிஷன் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் அண்ணாச்சி பெருமூச்சு விடுவார். "பெரிய மனுஷர்தான். ஆனா நாம போன பிறகு கல்லுல பேர் வெட்டினா, அதைப் பார்க்க நாம இருக்கமா?" இந்தக் குறை தம் விஷயத்தில் நேராதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சபையில் மின்விசிறிகளில் நான்கு, ஒரு சுவர்க்கடிகாரம், ஜெனரேட்டர், செருப்பு வைக்கும் அலமாரி ஆகியவற்றில் அவர் பெயரை வாசிக்கலாம்.

ஆனாலும் நேர்மையாகச் சொல்லவேண்டும், ஒருதரம் அவர் அந்தரங்கக் காணிக்கை கொடுக்க முயன்றார். வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்ற உபதேசத்தை ஒரு தபசுகாலக் கூட்டத்தில் கேட்டு மனம் கசிந்து, ஐம்பதாயிரம் ரூபாயைப் பெயரில்லாத கவரில் போட்டுவிட்டார். அடுத்த வாரம், 'பெயர் வெளியிட விரும்பாத அன்பர்' என்று அறிவிப்பு வந்தபோது, சபையார் அனைவரும் திரும்பிப் பார்த்தது ஏ.ஜி. ஆபீஸில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சாதுவான கிழவரை. அந்தக் கிழவரோ மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை; கண்ணை மூடிப் புன்னகை செய்தார். காது சற்று மந்தமாதலால் அறிவிப்பே அவருக்கு விழுந்திராது என்பது என் ஊகம். மூன்று மாதம் அந்தப் புன்னகை கைகுலுக்கல்களை வாங்கிக்கொண்டிருக்க, அண்ணாச்சி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கினார். அதன்பின் அவருடைய இடது கைக்குத் தெரியாமல் வலது கை எதுவும் செய்ததில்லை.

காணிக்கைப் பெட்டிக்கருகே க்யூ.ஆர். அட்டை ஒட்டியபோது அவர் பலமாக ஆக்ஷேபித்தார். கைப்பேசியில் தட்டினால் ஐந்து ரூபாயும் ஐயாயிரமும் ஒரே மாதிரித்தான் அசையும், பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன விளங்கும் என்பது அவர் கட்சி. ஆனால் தம்பானூரில் ஒரு தேநீர்க் கடையில், வந்த தொகையை உரக்கச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியைக் கேட்ட கணத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோயிலுக்கும் ஒன்று வைக்கலாம் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார். பெட்டி மலையாளத்தில் பேசுவது தமிழ்ச் சபைக்குப் பொருந்துமா என்று விவாதம் திரும்பி, காரியம் அதோடு நின்றுபோயிற்று.

அண்ணாச்சியைப் பரிகசிப்பது சுலபம். அவரில்லாமல் கூரைக்கு ஓடு மாற்றுவதுதான் கஷ்டம். ஏலத்துக்கு முந்தின வாரமே கமிட்டியார் அவர் வீட்டுக்குப் போய், சும்மா வந்தோம் என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வருகிறார்கள். போன வருஷம் வேறொரு பிரமுகர் குலையை எடுத்துவிட்டார் என்பதைப் பேச்சோடு பேச்சாக ஞாபகப்படுத்துவதற்கென்றே ஒருவரை அழைத்துப் போவதுண்டு. அண்ணாச்சியின் மனைவியோ தினந்தோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, மாதக்கடைசியில் ஓசையின்றி ஆலயத்தில் சேர்ப்பித்துவிடுகிறார். அந்த அம்மாளைத் தேடி ஒரு கமிட்டியும் காபி குடிக்க வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2024-இல் ஒரு செய்தி அவர் நித்திரையைக் கெடுத்தது. காஷ்மீரத்தில் சோபோருக்கருகே மால்போரா என்னும் சிற்றூரில் பள்ளிவாசல் கட்டுவதற்கு ஒருவர் கொடுத்த ஒற்றைக் கோழிமுட்டை, எடுத்தவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பப் பள்ளிவாசலுக்கே கொடுத்துவிட்டதால் பலதரம் ஏலம் போய், இரண்டேகால் லட்ச ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்ததாம். கடைசியாக எடுத்தவர் மட்டும் 70,000 ரூபாய் கொடுத்தாராம். "முட்டைக்கா? ஒத்தை முட்டைக்கா?" என்று அண்ணாச்சி ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் இத்தனை வருஷமும் வாழைக்குலையில் காலத்தை வீணாக்கிவிட்டோமோ என்ற ஐயம் அவருக்குள் புகுந்துவிட்டது.

ஆகவே அந்த வருஷப் பண்டிகையில், செங்கல்சூளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த இரண்டு நாட்டுக்கோழி முட்டைகளை ஏலத்துக்கு எடுத்தபோது, அவர் வழக்கமான மௌனத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எடுத்த எடுப்பில் ஐயாயிரம். திருப்பிக் கொடுத்தார், வளைகுடா வாலிபர் ஏழாயிரத்துக்கு எடுத்துத் திருப்பினார், பிறகு பத்து, பன்னிரண்டு. நடுப்பகல் வெயிலில் மேசைக்கும் கைக்குமாக முட்டைகள் அலைந்தன. இறுதியில் இருபத்தையாயிரத்துக்கு அண்ணாச்சியிடமே அவை தங்கின. கைதட்டல் அடங்கியபின் பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். ஆசீர்வாதம் பண்ண வருகிறாள் என்று எண்ணி அவர் தலையைச் சற்றுத் தாழ்த்தினார்.

"மக்கா, இது காலையிலேருந்து வெயில்ல கிடக்கு. இன்னிக்கே அவிச்சுத் தின்னுரு. நாளைக்கு வச்சா கெட்டுப்போவும்."

"டாக்டர் எனக்கு முட்டை ஆகாதுன்னு சொல்லியிருக்காரு, பாட்டி."

"மஞ்சக்கருதானே ஆகாது" என்றாள் பாட்டி. "வெள்ளைய தின்னு."