பதினாறு எட்டுக்காரர்

பதினாறு எட்டுக்காரரிடம் போய் ‘காபி சாப்பிடறீங்களா?’ என்று கேட்டுவிடாதீர்கள். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சந்தேகத்துக்குக் கைப்பேசியையும் பார்ப்பார். ‘விண்டோ திறக்க இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம் இருக்கு’ என்பார். 16 மணி நேரம் பட்டினி. பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு. காபியில் பால் விட்டால் விரதம் கெட்டுவிடுமாம், வெறும் டிகாஷன் என்றால் பரவாயில்லையாம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்.

அவருடைய அம்மாவும் ஏகாதசி தவறாமல் பட்டினி கிடந்தவர்தான். அந்த அம்மாளுக்குப் பஞ்சாங்கம் ஒன்றே போதும். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், அத்தோடு சரி. மகனுக்கு ப்ளூடூத் எடை மெஷின், தூக்கத்தை எண்ணும் கடிகாரம், மேல்கையில் பொத்தான் மாதிரி ஒட்டிய சர்க்கரை சென்சார். காலையில் பாத்ரூமுக்குப் போகுமுன் ஒரு எடை, வந்தபின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எக்செலில் தனிக் கட்டம். (அந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்று நான் கேட்கவில்லை.)

ஒருநாள் சாயங்காலம், எதுவும் சாப்பிடாத வேளையில், சென்சார் வரைபடம் சட்டென்று ஏறியிருந்தது. காரணம் தேடித் தேடி ஓய்ந்துபோனார். ‘அப்போதான் என் தம்பி போன் பண்ணினான்’ என்றார் மனைவி. பதற்றத்திலும் கோபத்திலும் சர்க்கரை ஏறும் என்பது உண்மைதான். அன்று முதல் எக்செலில் மைத்துனருக்கும் ஒரு கட்டம்.

கல்யாணப் பந்தியில் அவரைப் பார்க்க வேண்டும். மணி 11.38. இலையில் பச்சடி, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, ரசவாங்கி, வடை, ஜாங்கிரி எல்லாம் வந்தாயிற்று. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாம்பார் வாளிக்காரர் இரண்டு முறை வந்து திரும்பிவிட்டார். பெண்ணின் அப்பா ஓடி வந்து, ‘ஏன் சார், ஏதாவது குறையா?’ என்று வியர்க்கிறார். அடுத்த பந்திக்காரர்கள் இவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 12 அடித்ததும் முதலில் இலையைப் படம் எடுக்கிறார். சாப்பாட்டுக் கணக்கு வைக்கும் செயலிக்கு ரசவாங்கி தெரியாது. ‘வெஜிடபிள் ஸ்டூ, ஒரு கப்’ என்று போட்டுக்கொள்கிறார். பிறகு எட்டு மணி நேரத்துக்கு உரியதை எட்டே நிமிடத்தில் முடிக்கிறார். ஜாங்கிரி இரண்டு. ‘விண்டோவுக்குள்ளதானே!’

கை அலம்பும் இடத்தில் மாட்டினால் யோஷினோரி ஓசுமியிடமிருந்து தப்ப முடியாது. செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே தின்று புதுப்பித்துக்கொள்ளும் ‘ஆட்டோஃபேஜி’யை ஆராய்ந்து 2016இல் நோபல் வாங்கிய ஜப்பானியர். இவர் பேசுவதைக் கேட்டால் ஓசுமி இவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே தோன்றும். ஓசுமி பட்டினி போட்டு ஆராய்ந்தது ஈஸ்ட்டை. ஈஸ்ட்டுக்கு யாரும் ஜாங்கிரி வைப்பதில்லை.

2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் இதே பதினாறு எட்டைச் சோதித்தார்கள். மூன்று வேளையும் சாப்பிட்டவர்களைவிடப் பட்டினி கிடந்தவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதைச் சொன்னால், ‘116 பேரெல்லாம் ஒரு சாம்பிளா சார்?’ என்று சிரிக்கிறார். அவருடைய சொந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர் மொத்தம் ஒருவர். அவரும் பெல்ட்டைப் பழைய துளையில்தான் மாட்டுகிறார்.

மனிதர் நல்லவர். ஆனால் பார்ப்பவரையெல்லாம் கட்சியில் சேர்க்கப் பார்ப்பார். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் அவரைக் கும்பிட்டுவிட்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். பட்டினியில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அவரை இரண்டாம் பந்திக்குக் கூப்பிடுங்கள்.