கோதுமை ஆகாத ஆளைக் காதலிப்பது எப்படி?

“எனக்குக் குளூட்டன் ஆகாது” என்று உங்கள் ஆள் சொன்னதும், “அவ்வளவுதானே, நாம என்ன பஞ்சாப்லயா இருக்கோம்?” என்று கேட்கத் தோன்றும். தாராளமாகக் கேளுங்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சோறு தின்கிற ஊரில் கோதுமையைத் தள்ளிவைப்பது ஒரு காரியமா என்ற அந்தத் தெம்பு, முதல் ஓட்டலில் மெனு கார்டு கைக்கு வரும்வரை தாங்கும்.

முதலில் கொஞ்சம் பாடம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலையே பதம் பார்க்கும். ஆயுளுக்கும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், பாக்கெட்டில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சடிக்க முடியாது. கணக்கு அவ்வளவு கறார். ஆகவே, “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று ஊட்டிவிட நினைக்கும் ரொமான்டிக் பேர்வழிகள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்க்கலாம்.

இனி ஓட்டல். நம் ஊரில் கோதுமை தானியமே இல்லை, மருந்து. சர்க்கரை வந்தால் சப்பாத்தி, காய்ச்சல் வந்தால் பிரெட், உடம்பு தேற கோதுமைக் கஞ்சி. இந்த நம்பிக்கையோடு வளர்ந்த சர்வரிடம் போய், “கோதுமை இல்லாம என்ன இருக்கு?” என்று கேட்டால், “சப்பாத்தி இருக்கு சார், எண்ணெய் விடாம போட்டுத் தரச் சொல்றேன்” என்பார், உண்மையான அக்கறையோடு. ரவா தோசை என்றால், “அது ரவை சார், கோதுமை கிடையாது.” ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமை வயிற்றுப் பிள்ளைகள் என்ற குடும்ப ரகசியத்தை அவரிடம் பக்குவமாக உடையுங்கள். நம்ப மாட்டார். பரவாயில்லை, ஆள் எதிரே நீங்கள் போராடியதாகக் கணக்கில் ஏறும்.

சாதா தோசை அரிசியும் உளுந்தும்தான், சரி. ஆனால் எந்தக் கல்? சமையல்கட்டை எட்டிப் பாருங்கள். பரோட்டாவைப் புரட்டிய அதே தோசைத்திருப்பி, மைதா தூள் ஒட்டிய அதே கல், அதன்மேல் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு இழுப்பு, அடுத்தது உங்கள் தோசை. பூரி பொரித்த எண்ணெயில் வடையும் இதே கதை. சூடு பட்டால் குளூட்டன் சாகாது. இட்லி மட்டும் தனியாக ஆவியில் வெந்து, தேங்காய்ச் சட்னியோடு யோக்கியமாக வரும். “டேட்டிங்னு கூட்டிட்டுப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தியா?” என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சைனீஸ் பக்கமே போகாதீர்கள். கோபி மஞ்சூரியனில் மைதா. சோயா சாஸில்கூடப் பெரும்பாலும் கோதுமை. பீர் பார்லியில் வந்தது. மால்ட் கலந்த சத்துபானமும் அப்படியே. ஐஸ்கிரீம் என்றால் கோன் வேண்டாம், கப்.

கடற்கரை நல்ல யோசனை. மெரினாவில் கரி அடுப்பில் வாட்டும் சோளக் கதிருக்கு ஈடில்லை. மிளகாய்த்தூளில் தோய்த்த எலுமிச்சை மூடியை அந்தம்மா கதிர் முழுக்கத் தேய்த்துத் தரும்போது, அதில் சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது. கோயில் சர்க்கரைப் பொங்கலும் அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய் என்று சாதுவானதுதான். ஆனால் அங்கே உங்கள் பெரியம்மா இருப்பார்.

முத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும், பத்திரிகை ஆசிரியர் மன்னிக்க. பரோட்டாவைப் பிய்த்துத் தின்ற வாயோடு ஆளை நெருங்காதீர்கள். பல் துலக்கிவிட்டு வாருங்கள். நியாயமாகப் பார்த்தால் எல்லாரிடமும் இருக்கவேண்டிய பழக்கம்தான்.

கடைசிக் கட்டம், வீட்டுக்கு அழைத்துவருவது. “கோதுமையே சேர்க்கலை, மைதாவுலதான் போளி தட்டியிருக்கேன்” என்பார் அம்மா. போளியை ஒரு வழியாகக் கடந்தாலும் சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது பெருங்காயம். அசல் பெருங்காயம் தனியாகப் போட்டால் தாங்க முடியாத வீச்சம். அதனால் கோந்தும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்து மட்டுப்படுத்தித்தான் கடையில் விற்கிறார்கள். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இத்தனை வருஷமாகத் தன் அடுப்படியில் இருந்த டப்பா இப்படிச் செய்துவிட்டதே என்று சற்று நேரம் பேச மாட்டார். அந்த இடைவெளியில், ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டாம், பூண்டை நாலு பல் கூடத் தட்டிப் போடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

போட்டுவிடுவார். ரசமும் நன்றாகவே இருக்கும். சாயங்காலம் பெரியம்மாவுக்குப் போன் போகும்: “வெங்காயம் பூண்டு சேர்க்காத ஆசாரத்தைக் கேள்விப்பட்டிருக்கேன் அக்கா. பூண்டு ஆகுமாம், பெருங்காயம் ஆகாதாம். இது என்ன ஜனம்னே எனக்குப் பிடிபடலை.”